ஸிதர் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? முதலில் சாவியைப் பிடித்துப் பழகுங்கள்

ஸிதர் என்று சொன்னால் போதும், "என்னது, சிதாரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். சிதார் என்ற பெயர் பாரசீக மொழியின் 'சே தார்', அதாவது மூன்று தந்தி என்பதிலிருந்து வந்தது. ஸிதர் வந்தது கிரேக்கத்தின் 'கிதாரா'விலிருந்து, கிட்டாருக்கும் தாய்ச்சொல் அதுதான். காதுக்கு ஒன்றுபோல இருக்கிறதே தவிர, இரண்டும் வேறு வேறு குடும்பம்.

வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. வீணை, சிதார், கிட்டார் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு தண்டி உண்டு, தந்திகள் அதன் மேல் ஓடிப் போகும். யாழில் தந்திகள் பத்தர் என்ற அடிப் பெட்டியிலிருந்து விலகி மேலே கோட்டை, அதாவது வளைந்த தண்டைப் பார்த்துப் போகும். ஸிதர் வகையில் இரண்டும் இல்லை. ஒரு பலகை, அல்லது ஒரு பெட்டி, அல்லது ஒரு மூங்கில் குழாய், அதன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உடம்பின் மேலேயே தந்தியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். 1914இல் ஹார்ன்போஸ்டெல், ஸாக்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள் உலக வாத்தியங்களை வகை பிரித்தபோது இந்த எளிய அடையாளத்தை வைத்துத்தான் ஸிதர் வகையைத் தனியாக ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில் பியானோகூட ஒரு ஸிதர்தான். ருத்ர வீணையும் பெயரில் வீணை, பிறப்பில் ஸிதர்; அதன் குழாயே உடம்பு, சுரைக்குடுக்கைகள் ஒலியைப் பெருக்க மாட்டி வைத்தவை.

இந்தக் கட்டுரை வாத்தியங்களின் பட்டியல் கொடுக்க எழுதியதில்லை. ஒன்றை வாங்கி, சுருதி சேர்த்து, ஒரு மாதத்தில் நாலு வரி வாசிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வாத்தியங்கள் முதல் நாளே நன்றாக ஒலிக்கும், அதுதான் ஆபத்து. வயலினை எடுத்தால் ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கும். இதில் யார் விரலை ஓட்டினாலும் இனிமையாக ஏதோ வரும். அந்த இனிமையில் மயங்கி, சுருதி சேர்ப்பதையும் தந்தியை அமர்த்துவதையும், அதாவது தொட்டு ஒலியை நிறுத்துவதையும், படிக்காமல் விட்டவர்கள் ஒரு வருடம் கழித்தும் அதே இனிமையான 'ஏதோ'வைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள். நானே அப்படி எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

எதை எடுப்பது

ஊர் ஊராகப் பார்த்தால் தலை சுற்றும், அதனால் வாசிக்கும் விதத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வரத்துக்கு ஒரு தந்தி என்று வரிசையாகக் கட்டி, மெட்டே (தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் குறுக்குக் கம்பி) இல்லாமல் திறந்த தந்தியாக மீட்டுவது ஒரு வகை. ஃபின்லாந்தின் காந்தேலே, எஸ்டோனியாவின் கன்னெல், லாட்வியாவின் கோக்லே, ரஷ்யாவின் குஸ்லி எல்லாம் இதில் வரும். ஹிந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து வருடிக்கொண்டே பாடும் ஸ்வரமண்டலும் இதுதான். அரபு நாடுகளிலும் துருக்கியிலும் உள்ள கானூன் இதன் ராஜா. ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தந்தி வீதம் எழுபது, எண்பது தந்திகள் இருக்கும்.

இரண்டாவது, மெட்டு உள்ளவை. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி டல்சிமர், நார்வேயின் லாங்கலைக், ஹங்கேரியின் சிதெரா, அப்புறம் ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் வாசிக்கும் கச்சேரி ஸிதர். 'ஸிதர்' என்று மொட்டையாகச் சொன்னால் ஐரோப்பியர்களுக்கு நினைவு வருவது இந்தக் கடைசி வாத்தியம்தான். 1949இல் வந்த 'த தேர்ட் மேன்' படத்துக்கு அன்டன் கராஸ் இந்த ஒற்றை வாத்தியத்தை வைத்தே முழு இசையையும் கொடுத்தார். அதைக் கேட்டுத்தான் உலகம் பாதி ஸிதர் என்ற பெயரையே தெரிந்துகொண்டது.

மூன்றாவது, தந்திக்குத் தந்தி நகர்த்தக்கூடிய குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் சிறு கட்டை வைத்தவை. சீனாவின் குசெங், ஜப்பானின் கோட்டோ, கொரியாவின் கயாகும், வியட்நாமின் 'தான் ச்சான்'. நான்காவது, மெல்லிய சுத்தியல் குச்சிகளால் தட்டுபவை. ஈரானின் சந்தூர், காஷ்மீரின் சந்தூர், சீனாவின் யாங்சின், ஹங்கேரியின் சிம்பலோம்.

இந்த நான்கிலும் அடங்காத சில உண்டு. சீனாவின் குச்சின் ஏழு தந்தி, குதிரையே கிடையாது, மெட்டும் கிடையாது, பதின்மூன்று சிறு புள்ளிகள் மட்டும் இடம் காட்டும். மடகாஸ்கரின் வலிஹா மூங்கில் குழாயைச் சுற்றித் தந்தி கட்டியது. ஆதியில் மூங்கிலின் தோலையே நாராக உரித்துத் தூக்கித் தந்தியாக்கினார்கள், இப்போது சைக்கிள் பிரேக் கம்பியைப் புரி பிரித்துக் கட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

சரி, எதை வாங்குவது? ஆசிரியர் இல்லாமல் தனியாகத் தொடங்குபவர் என்றால் ஐந்து தந்திக் காந்தேலே அல்லது அப்பலாச்சிய டல்சிமர், இந்த இரண்டில் ஒன்று. இரண்டும் மடியில் அடங்கும், சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் போதும். குசெங் மீது ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அது ஏறத்தாழ 163 சென்டிமீட்டர் நீளம், கோட்டோ 180, வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் தரையில் அளந்து பாருங்கள். கானூனும் சந்தூரும் ஆசிரியர் கிடைத்த பிறகு. ஈரானிய சந்தூருக்கு 72 தந்தி, காஷ்மீர் சந்தூருக்கு நூறு அளவில். சுருதி சேர்க்கும் சாவியோடு உட்கார்ந்தால் வாசிக்கும் ஆசையே போய்விடும்.

வாங்கும் முன் ஒரு பலகைச் சோதனை

பணம் செலவழிக்கும் முன்னால் ஒரு மாலைப் பொழுதை இதற்குக் கொடுங்கள். எழுபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பலகை, இரண்டு திருகாணி, கிட்டாரின் மெல்லிய இரும்புத் தந்தி ஒன்று, பென்சில் கனத்தில் மூன்று மரத்துண்டுகள். பலகையின் இரு முனையிலும் திருகாணியை இறக்கி, தந்தியை ஒரு பக்கம் கட்டி, மறுபக்கத் திருகாணியில் சுற்றி முறுக்கி இறுக்குங்கள். இரண்டு மரத்துண்டுகளைச் சரியாக அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில் தந்தியின் கீழே நுழையுங்கள். மீட்டிப் பாருங்கள். அது உங்கள் ச.

இப்போது மூன்றாவது துண்டை அடியில் வைத்து, மீட்டும் பக்கத்து நீளம் 40 சென்டிமீட்டர் ஆகும்படி நகர்த்துங்கள். ப வரும். 45இல் ம, 48இல் அந்தர காந்தாரம் (க), 30இல் மேல் ச. 53.3இல் ரி, 36இல் த. அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு 60, 53.3, 48, 40, 36, 30 என்று நகர்த்தினால் மோகன ராகத்தின் ஆரோகணம், அதாவது ஏறு வரிசை, பலகையில் கிடக்கும். (துண்டு தந்தியை அதிகம் மேலே தூக்கினால் இழுவிசை கூடி ஸ்வரம் கொஞ்சம் உயர்ந்துவிடும், அதனால் நகரும் துண்டு மற்ற இரண்டைவிட ஒரு மயிரிழைதான் உயரமாக இருக்க வேண்டும்.)

அப்புறம் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, முழுத் தந்தியின் நடுவே, 30ஆவது சென்டிமீட்டரில், விரலை அழுத்தாமல் சும்மா தொட்டபடி மறு கையால் மீட்டி, உடனே விரலை எடுங்கள். மணி அடித்த மாதிரி மேல் ச கேட்கும். குச்சினின் பதின்மூன்று புள்ளிகளும் இப்படிப்பட்ட இடங்கள்தான்; தந்தியின் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று அளந்து பதித்தவை.

இந்த மூன்று துண்டு மரத்தில் நீங்கள் பார்த்ததுதான் குசெங், கோட்டோ குதிரைகளின் ரகசியம். ஒரு குதிரையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் சுருதி ஏன் போகிறது என்று பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய வாத்தியம் வாங்கினால்

இந்த வகையில் பழையது நிறையக் கிடைக்கும். யாரோ தாத்தா காலத்தில் வாங்கி, பரணில் போட்டு வைத்திருந்த ஆட்டோஹார்ப், ஸிதர் எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். விற்றவர் "தந்தி மாற்றினால் போதும், புதுசு மாதிரி" என்றார். மாற்றினேன். முப்பத்தைந்து தந்தி, மூன்று நாள் வேலை. நான்காம் நாள் காலையில் எடுத்தால் எல்லாமே ஒரு ஸ்வரம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) மாட்டியிருந்த மரமே காய்ந்து, ஓட்டைகள் தளர்ந்திருந்தன. எத்தனை முறை முறுக்கினாலும் ஆணி மெல்லத் திரும்பித் தந்தியைத் தளர்த்திவிடும்.

ஆகவே கடையிலேயே சாவியைக் கேட்டு வாங்குங்கள். இந்த வாத்தியங்களில் பெரும்பாலானவற்றில் பிருடை என்பது வீணையில் இருப்பதுபோலக் கையால் திருகும் மரக்கட்டை இல்லை, மரத்தில் இறுக்கமாக அடித்த இரும்பு ஆணி. அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சாவியைப் போட்டுத்தான் திருப்ப வேண்டும். நாலைந்து ஆணிகளைத் திருப்பிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனால் வேண்டாம் என்று வைத்துவிடலாம். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும், ஆனால் கிறீச்சிட்டுத் தாவித் தாவிப் போகக் கூடாது.

பிறகு வாத்தியத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பலகையை நீளவாக்கில் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால், அல்லது ஆணி வரிசையின் பக்கம் மூட்டு வாய் திறந்திருந்தால், தந்திகளின் இழுப்பு ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். மேல்பூச்சில் மெல்லிய கீறல்கள் இருந்தால் பரவாயில்லை. மரத்தின் ரேகையோடு ஓடும் வெடிப்பில் நகத்தை வைத்தால் நகம் சிக்குகிறதா, அப்படியானால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். மெட்டு உள்ளதாக இருந்தால் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள், எங்காவது தந்தி உரசி 'ஜிர்ர்' என்றால் அந்த மெட்டு தேய்ந்திருக்கும் அல்லது எழும்பியிருக்கும்.

சுருதி சேர்ப்பது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

கைபேசியில் ஏதாவது ஒரு டியூனர் ஆப் போதும், 440 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில ஆப்களில் ஸ்வரத்தின் மேற்கத்திய எழுத்து (ஏ, பி, சி, டி) மட்டும் தெரியும், அது கீழ் ஸ்தாயியா மேல் ஸ்தாயியா என்று தெரியாது. நான் அறுத்த முதல் தந்தி அப்படித்தான் போனது. கீழ் ஸ்தாயி 'டி'யில் நிற்க வேண்டிய தந்தியை, 'டி' வரும், 'டி' வரும் என்று முறுக்கிக்கொண்டே போய் அடுத்த ஸ்தாயியின் பாதி வழியில் பட்டென்று அறுந்து கையில் கோடு போட்டது. நீளம் மாறாத தந்தியை ஒரு ஸ்தாயி உயர்த்த இழுவிசை நான்கு மடங்கு ஆக வேண்டும். எந்தத் தந்தி தாங்கும்? எண் சேர்த்துக் காட்டும் ஆப் ஒன்றைத் தேடி எடுங்கள், டி3, டி4 என்று காட்டும். முகத்தைத் தந்திக்கு நேராக வைக்காதீர்கள், முடிந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பும் அளவு பற்றி. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடம் நகருமே, அவ்வளவு. அதற்கும் குறைவாகவே பல சமயம் தேவைப்படும். ஒரு கையால் தந்தியை மீட்டிக்கொண்டே மறு கையால் திருப்புங்கள், ஒலி ஏறுவது காதில் விழ வேண்டும். ஒலி ஏறவில்லை என்றால் சாவி தப்பான ஆணியில் இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அறுந்த தந்திகளில் பாதி இப்படித்தான் அறுகிறது: மீட்டுவது ஒரு தந்தி, முறுக்குவது பக்கத்துத் தந்தி. ஸ்வரம் தாண்டி மேலே போய்விட்டால் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி கீழிருந்து மேலே ஏறி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி சீக்கிரம் தளர்ந்துவிடும்.

ஒரு சுற்றில் முடியாது. பத்தாவது தந்தியை இறுக்கும்போது பலகை ஒரு இம்மி அமுங்கி முதல் தந்தி இறங்கியிருக்கும். முதல் சுற்று தோராயமாக, இரண்டாவது சுற்று சரியாக, மூன்றாவது காதால். புதுத் தந்தி என்றால் ஒரு வாரத்துக்குத் தினமும் இதைச் செய்ய வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு மூன்று தந்தி இருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றில் ஒரு துணித் துண்டைச் சொருகி அமர்த்துங்கள். ஒன்றைச் சரி செய்த பிறகு அடுத்ததைத் திறந்து இரண்டையும் சேர்த்து மீட்டினால் 'வாவ்... வாவ்... வாவ்' என்று ஓர் அலை கேட்கும். ஒன்று 440, மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு அலை. சாவியை மெல்லத் திருப்பினால் அலை நீண்டுகொண்டே போய் ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். அங்கே கையை எடுத்துவிடுங்கள். இந்த அலையைக் கேட்கப் பழகியவருக்கு ஆப் பாதிதான் தேவை.

எந்த ஸ்வரங்களில் வைப்பது? ஐந்து தந்திக் காந்தேலேயை டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று வைப்பார்கள், அதாவது ச ரி க ம ப. டல்சிமரைப் பலர் டி, ஏ, டி என்று வைக்கிறார்கள்: ச, ப, மேல் ச. மெலடி மேல் தந்தியில் ஓட, மற்ற இரண்டும் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும், தம்புராவைத் தன்னோடு கட்டிக்கொண்டு வந்த வாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி ஸிதருக்கு மியூனிக் முறை, வியன்னா முறை என்று இரண்டு உண்டு, வாங்கும்போதே எந்த முறைக்குத் தந்தி கட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு மாற்றுவது தொல்லை. அதன் துணைத் தந்திகள் ஸ்வர வரிசையில் இல்லாமல் பஞ்சம வரிசையில், அதாவது ஒன்றின் ப அடுத்ததன் ச ஆகும்படி கட்டியிருக்கும். முதலில் குழப்பும். ஒரு கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்துக்கு) வேண்டிய மூன்று ஸ்வரங்களும் மூன்று விரலுக்கு எட்டும் தூரத்தில் வந்து விழுவதற்காகச் செய்த ஏற்பாடு இது.

குசெங்கின் 21 தந்திகளும் வழக்கமாக டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி என்றே திரும்பத் திரும்ப வரும். டியை ச என்று வைத்தால் இது அச்சு அசல் மோகனம். கோட்டோவின் ஹிராஜோஷி என்ற பிரபலமான முறையோ ஜி, ஏ, பி ஃபிளாட், டி, ஈ ஃபிளாட். ஜியை ச ஆகக் கொண்டு பாடிப் பாருங்கள், சிவரஞ்சனி ராகத்தில் தைவதத்தை (த) மட்டும் ஒரு படி இறக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது ஜப்பானிய இசைக்கும் எனக்கும் நடுவில் இருந்த சுவர் கொஞ்சம் சரிந்தது.

குதிரை நகர்த்தும்போது மட்டும் கவனம். குதிரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அது சாய்ந்து, தந்தியின் இழுப்பில் விசிறி எறியப்பட்டு, பலகையில் ஒரு வடுவையும் வைத்துவிட்டுப் போகும். ஒரு கையின் விரல்களால் குதிரைக்கு அருகே தந்தியை லேசாகத் தூக்கிச் சுமையைக் குறையுங்கள், மறு கையால் குதிரையின் காலைப் பிடித்து நகர்த்துங்கள். தலையைப் பிடித்துத் தள்ள வேண்டாம்.

விரல்கள்

ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. கோட்டோவுக்கு வலக்கைப் பெருவிரல், ஆள்காட்டி, நடு விரல் மூன்றிலும் நகம் மாட்டுவார்கள். இகூத்தா மரபில் அது சதுர முனை, யமதா மரபில் வளைந்த முனை. குசெங்குக்கு நகத்தைப் பட்டை சுற்றி விரலில் ஒட்டுவார்கள். கானூனுக்கு இரண்டு ஆள்காட்டி விரலிலும் வளையம் போட்டு அதில் மிஸ்ராப் என்ற மீட்டும் துண்டைச் சொருகுவார்கள். கச்சேரி ஸிதருக்கு வலக்கைப் பெருவிரலில் மட்டும் ஒரு வளையம், அது மெலடிக்கு, மற்ற விரல்கள் துணைத் தந்திக்கு. கயாகும் வெறும் விரல். கொரியாவின் கொமுங்கோவில் மூங்கில் குச்சியால் தட்டி மீட்டுவார்கள்.

எதுவானாலும் முதல் வாரப் பயிற்சி ஒன்றுதான். ஒரே தந்தியைக் குதிரைக்கு அருகில் மீட்டுங்கள், ஒலி கூர்மையாக, கொஞ்சம் தகரம் தட்டினாற்போல இருக்கும். நடுவை நோக்கி நகர நகர உருண்டு மென்மையாகும். எந்த இடத்தில் உங்கள் வாத்தியம் நன்றாகப் பேசுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கை தானாகப் போய் நிற்கும்வரை மீட்டுங்கள். விரலைத் தந்திக்கு மேலே தூக்கி இழுக்க வேண்டாம். தந்தியை அழுத்தி, அடுத்த தந்தியின் மேல் போய் விரல் ஓய்வெடுக்கும்படி விட்டால் கனம் வரும்.

குதிரை வாத்தியங்களில் வலக்கை மீட்டுவது குதிரையின் வலப்பக்கம். இடப்பக்கம் எதற்கு? அங்கே இடக்கையால் தந்தியை அழுத்தினால் இழுவிசை கூடி ஸ்வரம் ஏறும். மோகனத்தில் இல்லாத மத்யமம் வேண்டும் என்றால் காந்தாரத் தந்தியை மீட்டி இடக்கையால் அழுத்தி ஏற்ற வேண்டும், நிஷாதத்துக்குத் தைவதத் தந்தி. கமகம் காதில் ஊறியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது, ஆனால் விரல் நுனி வலிக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அழுத்தாதீர்கள்.

அமர்த்துவது

தொடக்கக்காரரின் வாசிப்பை அடுத்த அறையிலிருந்து கேட்டாலே தெரிந்துவிடும். எல்லா ஸ்வரமும் ஒன்றின் மேல் ஒன்று வழிந்து கஞ்சி போல ஓடிக்கொண்டிருக்கும். காரணம் எளிது: வீணையிலோ கிட்டாரிலோ அதே தந்தியில் அடுத்த ஸ்வரம் வந்ததும் முந்தையது தானாக நின்றுவிடும். இங்கே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித் தந்தி, யாரும் நிறுத்தாதவரை அது பாடிக்கொண்டே இருக்கும்.

ஆட்டோஹார்ப்பைப் பாருங்கள். அதில் வாசிப்பு என்பதே அமர்த்துவதுதான். முப்பத்தாறு தந்திக்கு மேல் குறுக்கே கம்பளி ஒட்டிய கட்டைகள் இருக்கும், ஒரு கட்டையை அழுத்தினால் அந்தக் கார்டுக்கு வேண்டாத தந்திகள் எல்லாவற்றையும் கம்பளி பிடித்துக்கொள்ளும், விரலை ஓட்டினால் மீதி மட்டும் பேசும். சிம்பலோமுக்கு புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் 1874 வாக்கில் காலால் அழுத்தும் பெடல் வைத்துக் கொடுத்ததும் இதே வேலைக்குத்தான்.

ஐந்து தந்திக் காந்தேலேயில் இதைப் பழகலாம். இடக்கை விரல் இரண்டை 2ஆம் தந்தியிலும் 4ஆம் தந்தியிலும் லேசாக வைத்துக்கொண்டு வலக்கையால் ஐந்தையும் ஒரே வீச்சில் வருடுங்கள். ச, க, ப மட்டும் கேட்கும். இப்போது விரல்களை 1க்கும் 3க்கும் மாற்றி வருடுங்கள், ரி, ம, ப. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி, தாளம் தப்பாமல் பத்து நிமிடம் செய்ய முடிந்தால் உங்களுக்குப் பின்னணி வாசிக்கத் தெரியும் என்று அர்த்தம். தொட வேண்டும், அழுத்தக் கூடாது, விரல் நகம் படக் கூடாது. பட்டால் 'ஸ்ஸ்ங்' என்று ஒரு கொசு கத்தும்.

பெரிய வாத்தியங்களில் உள்ளங்கையின் ஓரத்தால் மொத்தமாக அமர்த்தலாம். பாட்டின் ஒரு வரி முடிந்ததும் கையைத் தந்திகளின் மேல் மெல்லப் படுக்க வைத்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வரியைத் தொடங்குங்கள். ஒரு வாரம் இதைச் செய்தாலே வாசிப்பு வேறு ஆள் வாசித்த மாதிரி ஆகிவிடும்.

குச்சினில் மட்டும் கதை நேர் எதிர். அங்கே ஒலி தேய்ந்து மறையும் வால்தான் இசை, விரல் தந்தியில் வழுக்கும் சத்தத்தைக்கூட ரசிப்பார்கள். 1977இல் விண்ணுக்குப் போன வாயேஜர் விண்கலத்தின் இசைத்தட்டில் குவான் பிங்ஹூ வாசித்த ஒரு குச்சின் பதிவு இருக்கிறது, இரவில் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆனால் குச்சினை ஆசிரியர் இல்லாமல் தொடங்க வேண்டாம். அதன் ஸ்வரக்குறிப்பு எந்த விரல், எந்தத் தந்தி, எந்த இடம் என்று சொல்லும், எவ்வளவு நேரம் என்று சொல்லாது. அது வாய்வழி வர வேண்டியது.

முதல் மாதம்

தினமும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முதல் பத்து நிமிடம் சுருதிக்கு. "அதுவே முடிந்துவிடுகிறதே" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், மாதக் கடைசியில் அது மூன்று நிமிடமாகிவிடும். அடுத்த பத்து நிமிடம் ஒரு தந்தி, ஒரு விரல். கடைசிப் பத்து நிமிடம் உங்களுக்கு ஏற்கனவே மனப்பாடமான ஒரு தாலாட்டோ சிறுவர் பாட்டோ எடுத்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டே தந்தியில் தேடுங்கள். தாளைப் பார்த்து வாசிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குசெங்குக்கு வரும் பாடங்களில் 1, 2, 3, 5, 6 என்று எண்கள் இருக்கும், பயப்பட வேண்டாம், ச ரி க ப த என்று மாற்றிப் படித்துவிடலாம். எண்ணின் மேல் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் மந்தரம். நம் ஸ்வரக்குறிப்பிலும் அப்படித்தானே.

வாரம் ஒரு முறை கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத சுருதிப் பிசகெல்லாம் அதில் கேட்கும்.

வீட்டில் வைத்துக்கொள்வது

இந்த வாத்தியங்களுக்கு வெயிலும் ஏசிக் காற்றும் ஒரே அளவு பகை. ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்கிற அறை நல்லது, அளக்க ஒரு சிறு மீட்டர் வாங்கி அருகிலேயே வையுங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள், வியர்வைதான் துருவுக்குக் காரணம். பலகைக்கு எண்ணெய், மெழுகு எதுவும் நீங்களாகப் பூசாதீர்கள்.

தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிவிடும் ஆசை வரும், பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிடலாமே என்று. வேண்டாம். அத்தனை இழுப்புக்கும் பழகிய மரம் திடீரென்று சுமை இறங்கினால் எழும்பிக்கொள்ளும், நகரும் குதிரைகள் இருந்தால் அவை மொத்தமும் சரிந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தை மட்டும் துடைத்து, புதியதைக் கட்டி, முக்கால் வாசி ஏற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். சுருள் சுற்றிய தடித் தந்தியை வெட்டும் முன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் மடித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் மேல் சுற்று பிரிந்து தந்தி செத்துப்போகும்.

வாங்கிய அன்றே இன்னொரு வேலை: எந்த எண் தந்திக்கு எந்தக் கனம், எந்த ஸ்வரம் என்று ஒரு தாளில் எழுதி வாத்தியத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து பதினேழாம் தந்தி அறும்போது அதன் துண்டை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டியிருக்காது. மெல்லிய தந்திகளில் ஒவ்வொரு கனத்துக்கும் இரண்டு உபரி வைத்திருங்கள், சாவியையும் அதே உறையில் போடுங்கள். தந்தியைவிடச் சாவிதான் அதிகம் தொலையும்.